கேர்னலின் பூட்டுச் சோதகரில் இன்டரப்ட் நிலைப் பதிவைத் திருத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

லினக்ஸ் கேர்னலின் பூட்டுச் சோதகரான லொக்டெப், சில வேளைகளில் எந்தப் பூட்டையும் குறை சொல்லாமல் தன்னுடைய பதிவே பிழைத்துவிட்டதாக முறையிடும். திரையில் ஒரு நீண்ட எச்சரிக்கை ஓடும். அதன் இறுதியில் ‘பொசிபிள் ரீசன்: அன்அனொடேட்டட் ஐஆர்கியூஸ்-ஓஃப்’ என்றோ ‘ஐஆர்கியூஸ்-ஓன்’ என்றோ ஒரு வரி இருக்கும். செயலியின் இன்டரப்ட் (ஓடும் வேலையை இடைநிறுத்திக் கவனத்தைக் கோரும் சைகை) உண்மையில் மூடியிருக்கிறது, ஆனால் லொக்டெப்பின் குறிப்பில் திறந்திருப்பதாக உள்ளது. அல்லது அதற்கு நேர்மாறாக உள்ளது. அந்த வரியின் பொருள் இவ்வளவுதான். ஆனால் அந்த முரண்பாடு எந்த இடத்தில் பிறந்தது என்பதை எச்சரிக்கை சொல்வதில்லை. அது எங்கே கண்ணில் பட்டது என்பதை மட்டுமே சொல்கிறது.

கொழும்பில் கேர்னல் மூலநிரலை வாசிக்கத் தொடங்கியிருக்கும் தமிழ் மாணவர்களையும் இளம் பொறியியலாளர்களையும் மனத்திற் கொண்டே இதை எழுதுகிறேன். மொறட்டுவையிலும் கொழும்புப் பல்கலைக்கழகத்திலும் இயக்க முறைமைகளைப் பாடமாகப் படித்தவர்களுக்கு ஸ்பின்லொக், இன்டரப்ட், டெட்லொக் ஆகியவை பழக்கமானவை. அந்தப் பாடத்துக்கும் உண்மையான கேர்னல் நிரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தமிழில் நிரப்பும் எழுத்து மிகக் குறைவாகவே கிடைக்கிறது. இங்கே சொல்பவை பெரும்பாலும் எக்ஸ்86 செயலிகளையும் 5.8க்குப் பிந்திய கேர்னல்களையும் சார்ந்தவை. மற்றச் செயலிகளில் பெயர்கள் மாறினாலும் தர்க்கம் மாறாது.

முதற்படி: எதற்காக இந்தப் பதிவு என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

வெள்ளவத்தையில் நாங்கள் கூடி நிரல் வாசிக்கும்போது ஒரு மாணவி கேட்ட கேள்வியை இங்கேயே எடுத்துக்கொள்கிறேன். “அண்ணா, இன்டரப்ட் திறந்திருக்கா மூடியிருக்கா எண்டு செயலியிட்டயே கேக்கலாம்தானே, பிறகேன் இன்னொரு மாறியில எழுதி வைக்கினம்?” மிக நியாயமான கேள்வி. எக்ஸ்86 செயலியின் ஃபிளாக் பதிவகத்தில் 9ஆவது பிட் இதைச் சொல்லிவிடும். ரிஸ்க்-ஃபைவ் செயலியில் எஸ்ஸ்டேட்டஸ் பதிவகத்தின் ஒரு பிட் சொல்லிவிடும்.

இங்கோ மோல்னாரும் ஆர்யன் வான் டி வெனும் எழுதிய லொக்டெப் 2006ஆம் ஆண்டில் 2.6.18 கேர்னலுடன் இணைந்தது. அதற்குத் தேவைப்படுவது நிலை மட்டுமன்று, நிலை மாறும் கணமும்தான். ஒரு பூட்டை இன்டரப்ட் மூடியிருக்கும்போது எடுத்துவிட்டு, அதை விடாமலே இன்டரப்டைத் திறந்தால், அந்தக் கணத்திலிருந்து அந்தப் பூட்டு இன்டரப்டுக்குப் பாதுகாப்பற்றதாகிவிடுகிறது. அதே பூட்டை ஓர் இன்டரப்ட் கையாளியும் எடுக்குமானால், ஒரே செயலியில் கையாளி காத்திருக்க, பூட்டை வைத்திருப்பவர் ஓட முடியாமல் நிற்கும் டெட்லொக் உருவாகும். இதைப் பிடிப்பதற்காக, இன்டரப்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் லொக்டெப் அப்போது கையில் உள்ள எல்லாப் பூட்டுகளையும் நடந்து பார்த்து, ‘இது இன்டரப்ட் திறந்த நிலையில் பிடிக்கப்பட்டது’ என்று ஒவ்வொன்றிலும் குறியிடுகிறது. பதிவகத்தின் பிட்டை எத்தனை முறை வாசித்தாலும் இந்த மாற்றக் கணம் கிடைக்காது. ஆகவே இன்டரப்டைத் திறக்கும் நிரலும் மூடும் நிரலும் லொக்டெப்புக்கு அறிவித்தாக வேண்டும். இந்தக் கட்டுரையில் அவற்றை ஓன் அறிவிப்பு, ஓஃப் அறிவிப்பு என்று அழைக்கிறேன்.

இந்த அறிவிப்புகளில் ஒன்று தவறினால் நேர்வது சிறிய விடயமன்று. ஓன் அறிவிப்பு தவறினால், இன்டரப்ட் இன்னும் மூடியிருப்பதாக லொக்டெப் நம்பி, உண்மையான டெட்லொக் வாய்ப்புகளைப் பேசாமல் கடந்துவிடும். ஓஃப் அறிவிப்பு தவறினால், குற்றமற்ற பூட்டின் மேல் பழி விழும். இரண்டிலும் மோசமான பின்விளைவு ஒன்று உண்டு: முதல் எச்சரிக்கையை அச்சிட்டதும் லொக்டெப் தன்னையே நிறுத்திக்கொள்கிறது. அதன்பின் அந்த இயந்திரம் மறுபடி தொடங்கும்வரை எந்தப் பூட்டுப் பிழையும் பிடிபடாது. பதிவில் உள்ள ஒரு சிறு பிழை, அந்த அமர்வின் முழுச் சோதனையையும் இழக்கச் செய்துவிடுகிறது. இதனால்தான் இப்படிப்பட்ட எச்சரிக்கையை ‘பொய் எச்சரிக்கை’ என்று ஒதுக்கிவிட்டுப் போகக் கூடாது என்று நான் வற்புறுத்துகிறேன்.

இரண்டாம் படி: சோதனைக் கேர்னலைத் தயார்செய்யுங்கள்

கட்டமைப்பில் புரூவ் லொக்கிங் தெரிவை இயக்குங்கள். இன்டரப்ட் ஃபிளாக் பதிவு அதனுடன் தானாகவே இயங்கும். பலர் மறந்துவிடுவது டிபக் லொக்டெப் என்ற தனித் தெரிவு. செயலியின் உண்மை நிலையையும் மென்பொருட் பதிவையும் ஒப்பிடும் சோதனை அந்தத் தெரிவுக்குள்தான் இருக்கிறது. அது இல்லாமல் கட்டிய கேர்னலில் முரண்பாடு இருந்தும் எச்சரிக்கை வராது. டிபக் தகவலையும் சேர்த்துக் கட்டுங்கள், பின்னர் முகவரிகளை மூல வரிகளாக மாற்ற அது வேண்டும்.

இதற்கென்று தனி இயந்திரம் வாங்கத் தேவையில்லை. சாதாரண மடிக்கணினியில் மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கியூஎமுவும் கேவிஎம்மும் போதும்.

மூன்றாம் படி: எச்சரிக்கையை வாசியுங்கள்

முதலில் திசையைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘அன்அனொடேட்டட் ஐஆர்கியூஸ்-ஓஃப்’ என்றால் செயலியில் இன்டரப்ட் மூடியிருக்கிறது, பதிவு திறந்திருப்பதாகச் சொல்கிறது. எங்கோ ஓர் ஓஃப் அறிவிப்பு தவறியிருக்கிறது, அல்லது தேவையற்ற ஓர் ஓன் அறிவிப்பு வந்திருக்கிறது. மற்றது இதன் மறுதலை. இந்த ‘அல்லது’ முக்கியமானது. விடுபட்டதை மட்டுமே தேடுபவர்கள், மிகையாக வந்ததைக் காணாமலே நாட்களைக் கழித்துவிடுவார்கள்.

அடுத்து எச்சரிக்கையின் கீழே வரும் நிகழ்வுத் தடத்தைப் பாருங்கள். இன்டரப்ட் கடைசியாகத் திறந்ததாகப் பதிவான இடம், கடைசியாக மூடியதாகப் பதிவான இடம் ஆகிய இரண்டும் ஒவ்வொரு வரிசை எண்ணுடன் அங்கே இருக்கும். பெரிய எண்ணை உடையதே பிந்திய நிகழ்வு. பதிவு கடைசியாக உண்மையுடன் ஒத்திருந்த இடம் அநேகமாக அதுதான். அந்த இடத்துக்கும் எச்சரிக்கை எழுந்த இடத்துக்கும் நடுவே ஓடிய நிரலில்தான் பிழை இருக்கிறது. கேர்னலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் முகவரியை மூல வரியாக மாற்றும் கருவிகள் உள்ளன. இரு முகவரிகளையும் அவற்றிற் கொடுத்து, அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே உள்ள பாதையை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். திரையில் மட்டும் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முயல வேண்டாம்.

பூட்டின் பெயருக்கு அருகில் நெளிவடைப்புக்குள் நான்கு குறிகள் இருக்கும். இடமிருந்து வலமாக வன் இன்டரப்ட், அதன் வாசிப்புப் பூட்டு, மென் இன்டரப்ட், அதன் வாசிப்புப் பூட்டு என்று அவை அமையும். கூட்டற்குறி இன்டரப்ட் திறந்த நிலையில் எடுக்கப்பட்டதையும், கழித்தற்குறி இன்டரப்ட் சூழலுக்குள் எடுக்கப்பட்டதையும், கேள்விக்குறி இரண்டும் நிகழ்ந்ததையும் காட்டும். பதிவு கெட்டிருக்கும் நேரத்தில் இந்தக் குறிகளையும் நம்ப முடியாது. பதிவைத் திருத்திய பிறகே பூட்டு எச்சரிக்கைகளை ஆராய வேண்டும்.

நான்காம் படி: அறிவிப்பின் வரிசையைச் சரிபாருங்கள்

வரைந்த பாதையில் ஒவ்வோர் அறிவிப்பையும் எடுத்து, அது செயலிக் கட்டளைக்கு முன்னே வருகிறதா பின்னே வருகிறதா என்று பாருங்கள். விதி இதுதான்: மூடும்போது முதலில் செயலியில் மூடிவிட்டுப் பின்னர் அறிவிக்க வேண்டும், திறக்கும்போது முதலில் அறிவித்துவிட்டுப் பின்னர் செயலியில் திறக்க வேண்டும். அதாவது அறிவிப்பு எப்போதும் இன்டரப்ட் மூடியிருக்கும் பகுதிக்குள்ளேயே நிகழ வேண்டும்.

காலி வீதியோரத் தொடர்மாடி ஒன்றின் வாயிற்காவலரை நினைத்துப் பாருங்கள். வாயில் திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது என்று அவர் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். வாயிலைத் திறந்துவிட்டுப் பிறகு எழுதலாம் என்று இருந்தால், எழுதுவதற்குள் ஆட்கள் உள்ளே வந்துவிடுவார்கள். பதிவேட்டின்படி அப்போது வாயில் மூடியிருக்கிறது. அதைவிட மோசமாக, வாயில் திறந்த கணத்திலேயே அவரை வேறொரு வாயிலுக்கு அனுப்பிவிட்டால், அவர் ‘திறந்தாயிற்று’ என்று எழுதுவது அந்த மற்ற வாயிலின் பதிவேட்டில். கேர்னலில் இரண்டாவது ஆபத்து உண்மையிலேயே நிகழக்கூடியது. இன்டரப்ட் திறந்ததும், பணிகளைச் செயலிகளுக்குப் பங்கிடும் ஷெட்யூலர் குறுக்கிட்டு ஓடிக்கொண்டிருக்கும் பணியை இன்னொரு செயலிக்கு மாற்றலாம். 5.9இலிருந்து இந்த நிலை செயலிக்கொரு மாறியாக வைக்கப்படுவதால், பிந்திய அறிவிப்பு பிழையான செயலியின் மாறியில் எழுதப்பட்டுவிடும்.

இதை உறுதிசெய்யவே லொக்டெப்பின் இரு அறிவிப்பு ஃபங்ஷன்களும், தாம் அழைக்கப்படும்போது செயலியில் இன்டரப்ட் மூடியிருக்கிறதா என்று முதலில் சோதித்து, இல்லையெனில் எச்சரிக்கின்றன. ஓன் அறிவிப்பு இன்னொன்றையும் பார்க்கிறது: வன் இன்டரப்ட் கையாளிக்குள் இருந்துகொண்டு இன்டரப்டைத் திறக்க முயன்றாலும் எச்சரிக்கும். இந்த எச்சரிக்கைகளில் ஒன்று உங்களுக்கு வந்திருந்தால் வேறெங்கும் தேட வேண்டாம். அழைத்த இடத்தில் வரிசை மாறியிருக்கிறது.

ஐந்தாம் படி: இரு வகை ஃபங்ஷன்கள் கலக்கும் இடங்களைத் தேடுங்கள்

நடைமுறையில் மிகுதியான பிழைகள் இங்கேதான் கிடைக்கின்றன. இன்டரப்டை மூடித் திறக்கும் ஃபங்ஷன்கள் கேர்னலில் இரண்டு வகையாக உள்ளன. லோக்கல் ஐஆர்கியூ சேவ் (இருந்த நிலையைச் சேமித்துவிட்டு மூடுவது), ரிஸ்டோர் (சேமித்த நிலைக்குத் திரும்புவது) போன்ற வழக்கமானவை லொக்டெப்புக்கு அறிவிக்கின்றன. பெயரின் முன்னே ‘ரோ’ என்ற ஒட்டு உள்ளவை அறிவிப்பதில்லை. செயலியை மட்டும் மாற்றுகின்றன. லொக்டெப் தன் உள்வேலைக்கு ரோ வகையையே பயன்படுத்துகிறது. தன்னைத் தானே அழைத்துக்கொண்டே போகாமல் இருக்க அதற்கு வேறு வழியில்லை.

5.9 கேர்னலில் திருத்தப்பட்ட ஒரு பிழையை நெருங்கிப் பார்ப்போம். ஒரு பணி பூட்டு ஒன்றை எடுக்கிறது. இன்டரப்ட் திறந்திருக்கிறது, பதிவும் அப்படியே சொல்கிறது. லொக்டெப் உள்ளே நுழைந்து ரோ சேவ் மூலம் இன்டரப்டை மூடுகிறது. செயலியில் மூடியாயிற்று, பதிவில் இன்னும் திறந்தே இருக்கிறது. உள்ளே லொக்டெப் தன் வரைபடப் பூட்டை (பூட்டுகளின் தொடர்பு வரைபடத்தைக் காப்பது) எடுக்க வேண்டியிருக்கிறது. இது ஒரு மெய்நிகர் இயந்திரம், அந்தப் பூட்டை இன்னொரு செயலி வைத்திருக்கிறது. ஆகவே கேவிஎம்மின் காத்திருப்பு ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது. அது வழக்கமான சேவ் ஃபங்ஷனைப் பயன்படுத்துகிறது. அப்போதைய சேவ், இன்டரப்ட் ஏற்கெனவே மூடியிருந்ததா என்று பார்க்காமல் ஓஃப் அறிவிப்பைக் கொடுத்தது. பதிவு ‘மூடியது’ என்று மாறுகிறது. காத்திருப்பு முடிந்து ரிஸ்டோர் வருகிறது. சேமித்துவைத்த ஃபிளாக் ‘மூடியது’ என்பதால் அது எதையும் திறக்கவில்லை, ஆகவே ஓன் அறிவிப்பும் கொடுக்கவில்லை. கடைசியாக லொக்டெப்பின் ரோ ரிஸ்டோர் செயலியில் இன்டரப்டைத் திறக்கிறது. அது அறிவிக்காத வகை. முடிவில் செயலியில் இன்டரப்ட் திறந்திருக்கிறது, பதிவில் மூடியிருக்கிறது. இனி எச்சரிக்கை எங்கே எழும் என்று யாராலும் சொல்ல முடியாது. அடுத்து எந்தப் பூட்டு எடுக்கப்படுகிறதோ, அதன் தலையில் விழும்.

இந்த வரிசையில் தனித்தனியாகப் பார்த்தால் எந்த ஃபங்ஷனும் தவறு செய்யவில்லை. காத்திருப்பு ஃபங்ஷனை ரோ வகைக்கு மாற்றினால் இந்த ஓர் இடம் சரியாகும், ஆனால் இதே வடிவம் இருக்கும் மற்ற இடங்கள் அப்படியே நிற்கும். ஏற்றுக்கொள்ளப்பட்ட திருத்தம் வேரிலேயே கை வைத்தது: உண்மையான விளிம்புகளை, அதாவது நிலை மெய்யாகவே மாறும் கணங்களை மட்டுமே அறிவிக்க வேண்டும். சேவ், செயலியில் மூடுவதற்கு முன்பிருந்த ஃபிளாக் ‘திறந்தது’ என்று இருந்தால் மட்டுமே ஓஃப் அறிவிப்பைக் கொடுக்கிறது. ரிஸ்டோர், திரும்பப் போகும் நிலை ‘திறந்தது’ என்றால் மட்டுமே ஓன் அறிவிப்பைக் கொடுக்கிறது. அதே வரிசையை இப்போது மறுபடி ஓட்டிப் பாருங்கள். உள்ளே வந்த சேவ், ஏற்கெனவே மூடியிருப்பதைக் கண்டு பேசாமல் இருக்கிறது. ரிஸ்டோரும் பேசாமல் இருக்கிறது. ரோ ரிஸ்டோர் முடிந்ததும் செயலியும் பதிவும் ஒன்றாகவே ‘திறந்தது’ என்கின்றன. நடுவில் சிறிது நேரம் பதிவு உண்மையுடன் ஒத்திருக்கவில்லை என்பது மெய்தான், ஆனால் அந்த நேரம் முழுவதும் லொக்டெப்பின் உட்புறத்திலேயே கழிகிறது.

உங்கள் பாதையிலும் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு மூடலுக்கும் அதன் திறப்புக்கும் அருகில் அது எந்த வகை என்று எழுதுங்கள். ரோ மூடலுக்கு வழக்கமான திறப்போ, வழக்கமான மூடலுக்கு ரோ திறப்போ சோடியாக வந்தால் அங்கேயே பிழை வெளிப்படும். சோடிகள் சரியாக இருந்தும் ஒன்றினுள் ஒன்று கலந்திருந்தால், மேற்கண்டதைப் போல ஒவ்வொரு வரிக்கும் அருகே செயலியின் நிலையையும் பதிவின் நிலையையும் இரு நெடுவரிசைகளாக எழுதிக்கொண்டு இறுதிவரை நடந்து பாருங்கள். இரண்டும் பிரிந்து, திரும்பச் சேராமற் போகும் வரியே உங்கள் பிழை.

ஆறாம் படி: நுழைவு நிரலும் வெளியேற்றமும்

இன்டரப்டையும் பக்கப் பிழை போன்ற விதிவிலக்குகளையும் செயலி எடுக்கும்போது, எக்ஸ்86இல் இன்டரப்ட் தானாகவே மூடப்படுகிறது. எந்த ஃபங்ஷனும் அதைச் செய்யவில்லை, ஆகவே அறிவிக்கவும் யாருமில்லை. அந்த ஓஃப் அறிவிப்பைக் கொடுப்பது நுழைவு நிரலின் பொறுப்பு. 5.9இல் வந்த பொது நுழைவு நிரல், அதைப் பயன்படுத்தும் கட்டமைப்புகளுக்கெல்லாம் இதை ஓரிடத்தில் வைத்தது. அதைப் பயன்படுத்தாத செயலிக் கட்டமைப்பில் நீங்கள் வேலை செய்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது உங்கள் கட்டமைப்பின் நுழைவு நிரலையே.

வெளியேறும்போது முடிவு, சேமித்துவைத்த பதிவகங்களைப் பொறுத்தது. குறுக்கிடப்பட்ட நிரலில் இன்டரப்ட் திறந்திருந்தால் மட்டுமே ஓன் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பக்கப் பிழை, இன்டரப்ட் மூடிய பகுதிக்குள்ளும் நிகழலாம் என்பதை மறந்து எப்போதும் ஓன் அறிவிப்புக் கொடுத்தால், திரும்பிப் போன இடத்தில் பதிவு பிழைத்துவிடும்.

வெளியேற்றத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. ஓன் அறிவிப்பின்போது பூட்டுகளை நடந்து குறியிடும் வேலைக்கு, ஆர்சியு (பூட்டின்றி வாசிக்கப்படும் தரவைக் காக்கும் கேர்னல் பொறிமுறை) அந்தச் செயலியைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் பயனர் நிரலுக்குத் திரும்பும் பாதையில் ஆர்சியு விலகிய பின்னரே இன்டரப்ட் திறக்கிறது. ஆகவே 2020இல் 5.8 கேர்னலில் இந்த அறிவிப்பு இரண்டாகப் பிரிக்கப்பட்டது. ஆயத்த அறிவிப்பு, ஆர்சியு கவனிக்கும்போதே எல்லாக் குறியிடல்களையும் முடிக்கிறது. இறுதி அறிவிப்பு மாறியை மட்டும் மாற்றுகிறது. இரண்டுக்கும் நடுவே எந்தப் பூட்டையும் எடுக்கவோ விடவோ கூடாது. ஆயத்தத்தின்போது இருந்த பூட்டுச் சங்கிலியின் திறவெண்ணை லொக்டெப் நினைவில் வைத்து, இறுதியில் ஒப்பிட்டுப் பார்த்து, மாறியிருந்தால் எச்சரிக்கும். இந்த எச்சரிக்கையை நான் பெரிதும் மதிக்கிறேன், பிழையை இத்தனை நெருக்கமாகக் காட்டும் சோதனைகள் லொக்டெப்பில் அதிகமில்லை.

நுழைவு நிரலில் ஒரு வரி சேர்த்தால், கட்டும்போது ஒப்ஜ்டூல் கருவி என்ன சொல்கிறது என்று பாருங்கள். தடமிடக் கூடாத (ஓட்டத்தைப் பதிவுசெய்யும் கருவிகள் நுழையக் கூடாத) பகுதியிலிருந்து தடமிடக்கூடிய ஃபங்ஷன் ஒன்றை அழைத்திருந்தால் அது அப்போதே சொல்லிவிடும்.

ஏழாம் படி: என்எம்ஐ

மூட முடியாத இன்டரப்ட் வகையான என்எம்ஐ, இந்த முழு ஏற்பாட்டையும் கடினமாக்குகிறது. நான்காம் படியில் சொன்ன விதியை மீண்டும் பாருங்கள். மூடும்போது செயலிக் கட்டளைக்கும் அறிவிப்புக்கும் நடுவே, திறக்கும்போது அறிவிப்புக்கும் செயலிக் கட்டளைக்கும் நடுவே, ஒரு மிகச் சிறிய இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் செயலியில் இன்டரப்ட் மூடியிருக்கும், பதிவு திறந்திருப்பதாகச் சொல்லும். சாதாரண இன்டரப்ட் எதுவும் அங்கே நுழைய முடியாது என்பதால் அது பாதிப்பற்றது. என்எம்ஐ அங்கே நுழையும்.

நுழைந்த என்எம்ஐ கையாளி ஒரு சேவ்-ரிஸ்டோர் சோடியைச் செய்தாலோ, இன்டரப்ட் மூடியிருக்க வேண்டும் என்ற சோதனையைக் கடந்தாலோ, குறுக்கிடப்பட்ட நிரலின் அரைகுறைப் பதிவின் மேல் அது வேலை செய்கிறது. ஆகவே என்எம்ஐக்கு நுழைவில் மூன்று செயல்கள் வேண்டும்: பதிவின் அப்போதைய மதிப்பைத் தனியே சேமிக்க வேண்டும், ஓஃப் அறிவிப்புக் கொடுக்க வேண்டும், வன் இன்டரப்ட் சூழலுக்குள் வந்ததைக் குறிக்க வேண்டும்.

வெளியேற்றத்தில்தான் கவனம் கூடுதலாகத் தேவை. சாதாரண இன்டரப்டில் சேமித்த பதிவகங்களின் ஃபிளாக்கைப் பார்த்து முடிவெடுத்தோம். என்எம்ஐயில் அப்படிச் செய்தால் பிழை. இடைவெளிக்குள் குறுக்கிட்டிருந்தால் பதிவகம் ‘மூடியது’ என்று சொல்லும், ஆனால் பதிவு அப்போது ‘திறந்தது’ என்று இருந்தது. பதிவகத்தை நம்பி, மூடியதாகவே விட்டுவிட்டுத் திரும்பினால், திறக்கப் போகும் நிரல் தன் ஓன் அறிவிப்பை ஏற்கெனவே கொடுத்துவிட்டது, மறுபடி கொடுக்காது. செயலி திறக்கும், பதிவு மூடியே இருக்கும். என்எம்ஐ தான் கண்டதை அப்படியே திரும்ப வைத்துவிட்டுப் போக வேண்டும், அது அரைகுறையாக இருந்தாலும் சரியே. நுழைவில் சேமித்த பதிவு ‘திறந்தது’ என்று இருந்தால் மட்டும் ஆயத்த அறிவிப்பும், எல்லாம் முடிந்தபின் இறுதி அறிவிப்பும் கொடுக்க வேண்டும். பொது நுழைவு நிரலின் என்எம்ஐ ஃபங்ஷன்கள் இன்று இப்படித்தான் எழுதப்பட்டுள்ளன. உங்கள் கட்டமைப்பின் நிரலை அவற்றோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

எட்டாம் படி: ஓய்வுப் பாதை

செயலி ஓய்வுக்குப் போகும் பாதையில், இன்டரப்டைத் திறக்கும் கட்டளையும் நிறுத்தும் கட்டளையும் அடுத்தடுத்து வருகின்றன, ஆர்சியுவும் அப்போது விலகியிருக்கிறது. 2023இல் வந்த 6.3 கேர்னலிலிருந்து, செயலிக் கட்டமைப்பின் ஓய்வு ஃபங்ஷன் இன்டரப்ட் மூடிய நிலையிலேயே திரும்ப வேண்டும் என்பது விதி. பழைய கிளையிலிருந்து புதியதற்கு நிரலை நகர்த்தியிருந்தால் இதை முதலில் பாருங்கள்.

ஒன்பதாம் படி: செயலிக்கொரு மாறியை வாசிக்கும் விதம்

5.9க்கு முன் இந்த நிலை ஒவ்வொரு பணியின் தரவமைப்பிலும் இருந்தது. தலைப்புக் கோப்புகளின் சிக்கலான சார்புகளை அவிழ்ப்பதற்காக அது செயலிக்கொரு மாறியாக்கப்பட்டது. அதன் பின்கதையை அறிந்திருப்பது பயனுள்ளது. ஐபிஎம் பெருங்கணினிகளின் எஸ்390 கட்டமைப்பில் செயலிக்கொரு மாறியை வாசிக்கும் வழக்கமான வழி, வாசிக்கும் பொழுதுக்குப் பணி மாற்றத்தைத் தடுக்கிறது. அந்தத் தடுப்பே தடமிடப்பட்டு மீண்டும் இதே நிரலுக்குள் வந்து விழுந்தது. எனவே அந்தத் தடுப்பில்லாத ரோ வாசிப்புக்கு மாற்றினார்கள். பணி இடம்மாறக்கூடிய நிலையில் இருந்தால் இரு செயலிகளிலும் மதிப்பு ஒன்றாகத்தானே இருக்கும் என்பது அதன் நியாயம்.

நியாயம் போலத் தோன்றினாலும் அது நிற்கவில்லை. முகவரியைக் கணித்த பின், வாசிப்பதற்கு முன், பணி வேறு செயலிக்குப் போய்விட்டால், அது பழைய செயலியின் மாறியையே வாசிக்கிறது. அதற்குள் பழைய செயலியில் ஓடத் தொடங்கிய வேறொரு நிரல் இன்டரப்டை மூடியிருக்கலாம். அதே 2020இல் அந்த மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. உங்கள் எச்சரிக்கை எப்போதோ ஒரு முறை, பாரம் கூடியபோது மட்டும், ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் எழுமானால், இப்படிப்பட்ட வாசிப்பு எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பத்தாம் படி: திருத்துங்கள், பிறகு கடுமையாகச் சோதியுங்கள்

எச்சரிக்கை எழும் இடத்தில் செயலியின் நிலையை வாசித்து மாறியை அதற்கு ஒத்ததாக மாற்றிவிட்டால் எச்சரிக்கை உடனே மறையும். இதைத் திருத்தமென்று யாரும் அனுப்பக் கூடாது. மாற்றக் கணம் தவறியபோது குறியிடப்படாமற் போன பூட்டுகள் அப்படியே குறியிடப்படாமலே இருக்கும். சோதகர் அமைதியாகிவிடும், ஆனால் அதன் அமைதிக்கு இனிப் பெறுமதி இல்லை. அதேபோல ஒரு வழக்கமான ஃபங்ஷனை ரோ வகைக்கு மாற்றுவதும், அந்தப் பகுதியில் எந்தப் பூட்டும் எடுக்கப்படவில்லை என்று நிறுவ முடிந்தால் மட்டுமே ஏற்கத்தக்கது.

சோதனையை இவ்வாறு அமையுங்கள். லொக்கிங் சுயசோதனைத் தெரிவை இயக்கினால், கேர்னல் தொடங்கும்போதே லொக்டெப் தன்னைச் சோதித்துக்கொள்ளும். திருத்தத்துக்கு முன்னும் பின்னும் அதன் முடிவு ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்தாம் படியின் பிழைகளுக்கு, மடிக்கணினியில் உள்ள செயலிகளைவிட மிகுதியான மெய்நிகர் செயலிகளைக் கொடுத்து, பூட்டுகளுக்குக் கடும் பாரம் கொடுக்கும் லொக் டோர்ச்சர் சோதனையை ஓட்டுங்கள். அப்போதுதான் காத்திருப்பு ஃபங்ஷன் அடிக்கடி அழைக்கப்படும். என்எம்ஐ பிழைகளுக்கு, செயற்றிறனை அளக்கும் பெர்ஃப் கருவியை உயர்ந்த அதிர்வெண்ணில் ஓட்ட வேண்டும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது: ஹோஸ்ட் செயலியின் செயற்றிறன் எண்ணியை விருந்தினர் இயந்திரத்துக்குத் திறந்துவிடாவிட்டால், பெர்ஃப் சாதாரணக் கடிகார இன்டரப்டுக்கு மாறிக்கொள்ளும். சோதனை தடையின்றி ஓடி முடியும், ஆனால் ஒரு என்எம்ஐகூட வந்திருக்காது. இன்டரப்ட் எண்ணிக்கைப் பட்டியலில் என்எம்ஐ வரி உயர்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே முடிவை நம்புங்கள்.

புரொக் அடைவின் கீழுள்ள லொக்டெப் புள்ளிவிவரக் கோப்பில், தேவையற்ற ஓன், தேவையற்ற ஓஃப் அறிவிப்புகளின் எண்ணிக்கையும் வரும். திருத்தத்துக்குப் பின் ஒரே வேலைப்பாரத்தில் இவற்றுள் ஒன்று திடீரென்று பெருகினால், எச்சரிக்கை எழாவிட்டாலும் உங்கள் அறிவிப்பு ஏதோவோர் இடத்தில் இருமுறை போகிறது.

திருத்தத்தை அனுப்பும்போது, பிழை நிகழும் வரிசையை மேலே ஐந்தாம் படியில் எழுதியதைப் போல வரிக்கு வரி, செயலியின் நிலையும் பதிவின் நிலையும் தெரியும்படி விளக்கத்திலேயே எழுதுங்கள். பிழையைக் கொண்டுவந்த பழைய மாற்றத்தின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளை ஃபிக்ஸஸ் வரியில் சேருங்கள். நிலையான கிளைகளைப் பராமரிப்பவர்கள் அதைக் கொண்டே எந்தக் கிளைகளுக்கு இது வேண்டும் என்று தீர்மானிப்பார்கள். நுழைவு நிரலைத் தொட்டிருந்தால், பூட்டுப் பகுதியைப் பராமரிப்பவர்களுடன் அந்தச் செயலிக் கட்டமைப்பைப் பராமரிப்பவர்களையும் பெறுநர் பட்டியலில் சேர்த்து அனுப்புங்கள்.